கடலோர மண்ணில் ரோட்டவேட்டர்: கோளாறுகளைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி, சாயல்குடி வரையுள்ள இராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஆடி பிறந்ததும், ரோட்டர் என்னும் சுழலும் தண்டில் பொருத்திய கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை டிராக்டரின் பின்னால் மாட்டத் தொடங்கிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் புழுதி உழவை முடித்து நெல் விதைத்தாக வேண்டும். முண்டு மிளகாய் போடுகிறவர்கள் கொல்லையையும் தயார்ப்படுத்தியாக வேண்டும். மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த கருவியை அந்த அவசரத்தில் அப்படியே எடுத்து ஓட்டும்போதுதான் அதிர்வு, சத்தம், எண்ணெய்க் கசிவு, போல்ட் முறிவு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கியர் பெட்டியின் கோளாறு என்று எண்ணி நேரே பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். கியர் பெட்டி அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. கத்தி, போல்ட், டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாஃப்ட், அந்த ஷாஃப்ட்டை மடங்கவிடும் கிராஸ் பேரிங், எண்ணெயை வெளியே விடாத ஆயில் சீல் என்று வெளியே கைக்கு எட்டுகிற உறுப்புகளை முதலில் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லையென்றால் மட்டுமே பெட்டியைத் திறக்க வேண்டும். நம் கரையில் இந்தக் கருவி உழுது தேய்வதைவிட, உப்புக் காற்றில் சும்மா கிடந்து கெடுவதே அதிகம்.

எதையும் தொடுவதற்கு முன் பிடிஓ லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் ஹைட்ராலிக்கை நம்பிக் கையை நுழைக்கக் கூடாது. சட்டத்தின் இரு பக்கமும் கெட்டியான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே கத்தியைத் தொட வேண்டும். கைலி, தோளில் துண்டு, தொங்குகிற சட்டை நுனி ஆகியவற்றுடன் சுழலும் ஷாஃப்ட்டின் அருகே நிற்பது உயிருக்கு ஆபத்து. பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. துணி நுனி சிக்கினால் மனிதன் உதறிக்கொண்டு பின்வாங்க நேரமே கிடைக்காது. ஷாஃப்ட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்த உறை உடைந்திருந்தால் வேறு எதை வாங்குவதற்கு முன்பும் அதை வாங்கிவிட வேண்டும் என்பேன்.

பருவத்தின் முதல் நாள்

முதலில் பார்க்க வேண்டியது ஷாஃப்ட்டின் பாதுகாப்பு ஏற்பாடு. கத்தி கல்லிலோ வேரிலோ மாட்டும்போது அந்த அதிர்ச்சி கியருக்குள் போகாமல் தடுப்பதற்காகச் சில கருவிகளில் ஷியர் போல்ட்டும், சிலவற்றில் ஸ்லிப் கிளட்ச்சும் இருக்கும். ஷியர் போல்ட் முறிவதற்கென்றே வைக்கப்பட்டது. அது முறியும்போதெல்லாம் எரிச்சல்பட்டு, கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டையோ கம்பித் துண்டையோ செருகி ஓட்டினால், அடுத்த முறை முறிவது கியர் பல்லாகவோ ஷாஃப்ட்டாகவோ இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவிலும் தரத்திலும் உள்ள போல்ட்டுகள் நாலைந்தைக் கருவிப்பெட்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். சரியான போல்ட்டைப் போட்டும் மீண்டும் மீண்டும் முறிகிறதென்றால் காரணம் போல்ட்டில் இல்லை. கருவி தாங்காத ஆழம், கத்திக்கிடையில் சிக்கிய கல், ரோட்டர் தரையில் இருக்கும்போதே பிடிஓவைச் சட்டென்று போடுவது ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். பிடிஓவைப் போடும்போது கத்திகள் மண்ணைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும். சுழலத் தொடங்கிய பிறகே மெல்ல இறக்க வேண்டும்.

ஸ்லிப் கிளட்ச் உள்ள கருவிக்குக் கடற்கரையில் தனிக் கவனம் தேவை. அதற்குள் இருக்கும் தட்டுகள் மாதக்கணக்கில் ஈரக் காற்றைக் குடித்து ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கிளட்ச் வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காமல் இரும்புக் கட்டிபோல நின்று, முழு அடியையும் கியருக்குள் அனுப்பிவிடும். ஆகவே உழவு தொடங்கும் முன், ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, எல்லா நட்டுகளையும் ஒரே அளவாக இரண்டு சுற்றுத் தளர்த்த வேண்டும். பிறகு தட்டுகளின் விளிம்பில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, கத்திகளை மண்ணில் பதித்த நிலையில், இன்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்து இரண்டு மூன்று நொடி மட்டும் பிடிஓவைப் போட்டு நிறுத்த வேண்டும். ரோட்டரை மண்ணில் வைத்துப் பிடிஓ போடுவதற்கு இது ஒன்றே விதிவிலக்கு. கோடு உடைந்து விலகியிருந்தால் தட்டுகள் வழுக்கியிருக்கின்றன. கோடு நேராகவே நின்றால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கழற்றித் துருவைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்குகளைப் பழைய நீளத்துக்கே இறுக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் கிளட்ச் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அதிர்வும் சத்தமும்

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே இடத்தைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். மண்ணில் இறக்கிய பிறகு மட்டும் தடதடவென்று வந்தால் கத்திகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். வரப்போரம் திரும்புவதற்காகத் தூக்கும்போது மட்டும் கடகடவென்று வந்தால் கிராஸ் பேரிங் மடங்கும் கோணம் அதிகமாகியிருக்கிறது. தூக்கும் உயரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது திருப்பத்தில் பிடிஓவை நிறுத்திவிட வேண்டும். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரே சீராக முனகினால் ரோட்டர் பேரிங்கையோ எண்ணெய் அளவையோ சந்தேகிக்கலாம்.

கத்திகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்புகளில் ஐந்தடிக் கருவிக்கு 36 கத்திகளும், ஆறடிக்கு 42 கத்திகளும், ஏழடிக்கு 48 கத்திகளும் இருக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, புதுப் போல்ட் போட்டாலும் நிற்காத நிலை வந்துவிடும். புதுக் கத்தி மாட்டிய முதல் நாள், ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். பெயின்ட்டும் துருவும் நசுங்கி இடம் கொடுத்திருக்கும். சாதாரண இரும்புக்கடை போல்ட் இங்கே உதவாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்த போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் கட்டாயம்.

வளைந்த கத்தியைக் கண்டுபிடிக்க ஒரு மரத்துண்டு போதும். கருவியை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, ஒரு கத்தியின் நுனிக்குப் பக்கத்தில் நூலிழை இடைவெளியில் மரத்துண்டை அசையாமல் வைத்து, ரோட்டரைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். அதே பக்கம் பார்த்த மற்ற கத்திகளும் அதே இடைவெளியில் கடந்து போக வேண்டும்; மரத்தை இடிப்பதும் விலகிப் போவதும் வளைந்தவை. அவற்றைச் சூடாக்கி அடித்து நிமிர்த்துவதும் முறிந்த நுனியை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் வீண் வேலை. பக்குவம் செய்த எஃகு சூட்டில் தன் கடினத்தை இழந்து, ஒன்று மெழுகுபோல வளையும் அல்லது சட்டென்று ஒடிந்து தெறிக்கும்.

கத்தி மாற்றும்போது இடது வலது மாறிப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ரோட்டர் டிராக்டர் சக்கரம் முன்னால் உருளும் திசையிலேயே சுற்றுகிறது. அந்தச் சுற்றில் கூர்மையான விளிம்பு முதலில் மண்ணில் இறங்க வேண்டும். முதுகு முதலில் இறங்கினால் கருவி மண்ணை வெட்டாமல் துள்ளும், டிராக்டரை முன்னால் தள்ளும். இரு ஓரங்களிலும் உள்ள கடைசிக் கத்திகள் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ரோட்டர் முழுவதிலும் கத்திகள் திருகுச் சுருளைப் போல வரிசை பிசகாமல் அமைந்திருப்பதால்தான் எல்லாக் கத்திகளும் ஒரே நேரத்தில் மண்ணை அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. ஆகையால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிக் குவித்துவிடாமல், ஒன்றைக் கழற்றி அந்த இடத்திலேயே புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்து மணலில் கத்தி வளைவதைவிடத் தேய்வது அதிகம். மணல் துகள் எஃகை அரம்போல அராவிவிடும். நுனி மெலிந்து பாதி அகலத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் புதிதாகப் போட்டால் எடை ஏறுமாறாகி அதுவே அதிர்வுக்குக் காரணமாகும் என்பதால், முழு வரிசையாக மாற்றுவதே சரி.

கத்திகள் எல்லாம் சரியாக இருந்தும் அதிர்கிறதென்றால் ஷாஃப்ட்டுக்கு வர வேண்டும். ஒரு கையால் கிராஸைத் தாங்கும் கவைப் பகுதியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்தால், கிராஸில் ஆட்டம் இருப்பது உள்ளங்கையிலேயே தெரியும். கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செந்தூளாகத் துரு உதிர்ந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிரீஸ் வைக்க வேண்டும். பழைய அழுக்குக் கிரீஸ் நான்கு மூடிகளின் ஓரத்திலும் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். ஒரு மூடியில் மட்டும் வரவில்லையென்றால் அந்தப் பக்கத்துத் துளை அடைத்திருக்கிறது.

ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டும்போது, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களின் உள்பக்கக் கவைகளும் ஒரே நேரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கு நெடுக்காக மாட்டிவிட்டால், புதுக் கிராஸ் போட்டாலும் அதிர்வு நிற்காது. பழைய டிராக்டரை விற்று வேறு டிராக்டர் வாங்கியவர்கள் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். ஷாஃப்ட் மிகவும் சுருங்கும் நிலையிலும் குழாயின் அடிக்கு ஓர் அங்குலமாவது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். மிகவும் நீளும் நிலையிலும் குழாயின் மூன்றில் ஒரு பங்கு நீளமாவது ஒன்றுக்குள் ஒன்று பதிந்திருக்க வேண்டும். நீளம் கூடிப்போனால் அது டிராக்டரின் பிடிஓ பேரிங்கை முட்டித் தள்ளி உடைக்கும்.

எண்ணெய்க் கசிவு

கடலோரக் கொல்லைகளில் ஆடு மாடு நுழையாமல் பழைய மீன்வலையைச் சுற்றி வேலி கட்டியிருப்பார்கள். காற்றில் கிழிந்த வலைத்துண்டும் நைலான் நூலும் புழுதியோடு கலந்து கிடக்கும். உழும்போது அவை ரோட்டரின் ஓரத்தில் சுற்றி, சூட்டில் இளகி, மயிரிழையாக இறுகி, ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். கசிவு தெரிந்த பிறகு பார்த்தால் சீலுக்கும் தண்டுக்கும் நடுவே பச்சையும் நீலமுமாக நூல் வளையம் ஏறியிருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் ரோட்டரின் இரு முனைகளிலும் சுற்றிய நூலை அறுத்தெடுத்துச் சுத்தம் செய்தால் சீல் பல பருவம் உழைக்கும். உழுவதற்கு முன் வரப்போரம் ஒரு நடை நடந்து வலைத்துண்டு, சாக்குக் கயிறு, கம்பி ஆகியவற்றைப் பொறுக்கிவிடுவது இன்னும் நல்லது.

புதுச் சீல் போட்ட மறுவாரமே மறுபடி கசிந்தால் சீலைக் குறை சொல்வதற்கு முன் கியர் பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளை மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்டி சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். அது புழுதியும் உப்பும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளும். டீசலில் ஊறவைத்து ஊதிச் சுத்தம் செய்தால் பல கசிவுகள் அத்தோடு நின்றுவிடும். அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றினாலும் இதே தொல்லைதான். பெட்டியின் பக்கவாட்டில் அளவு பார்க்கும் திருகு இருக்கிறது. கருவி சமதளத்தில் நிற்கும்போது அந்தத் துளையின் விளிம்பில் எண்ணெய் எட்டிப் பார்த்தால் போதும். 90 எண் கியர் எண்ணெயா 140 எண் கியர் எண்ணெயா என்பதைக் கையேட்டில் சொன்னபடி ஊற்ற வேண்டும். பக்கவாட்டில் கியரோ செயினோ உள்ள பெட்டிக்கும் தனியாக எண்ணெய் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வடிக்கும் எண்ணெய் பால்விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே முழுவதும் மாற்ற வேண்டும். எண்ணெயில் மினுமினுப்பாக இரும்புத் துகள் தெரிந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

உழவு சரியாக விழாதபோது

ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழுந்தால், டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்திக் கருவியைத் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்து, கருவியைத் தூக்கும் வலது லிஃப்ட் ராடின் கைப்பிடியைச் சுற்றி மட்டம் செய்ய வேண்டும். உழவின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் இரு ஓரச் சறுக்குப் பட்டைகளும் ஒரே துளையில் மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்பின் சாய்வை மேல் இணைப்புத் தண்டான டாப் லிங்க்கில் சரிசெய்யலாம். உழும் நிலையில் கியர் பெட்டியின் தண்டு ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கை, கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலில் வைத்து ஓட்ட வேண்டுமே தவிர, இழுவைக்கேற்ப உயரத்தை மாற்றும் டிராஃப்ட் கண்ட்ரோலில் வைக்கக் கூடாது.

கட்டி கட்டியாக விழுகிறதென்றால் மூன்று வழிகள் உண்டு: டிராக்டர் கியரைக் குறைக்கலாம், பிடிஓ 540 வரும் இன்ஜின் வேகத்தைத் தளரவிடாமல் பிடிக்கலாம், பின்பலகையை இறக்கிக் கட்டலாம். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டும்போது சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று கியரைக் கூட்டுவார்கள். நிலத்துக்காரரும் பணம் மிச்சம் என்று பேசாமல் இருப்பார். வேகமாக ஓட்டிய நிலத்தில் மறுபடி ஒரு சால் ஓட்ட வேண்டி வரும் என்பதால் அதில் மிச்சம் ஒன்றும் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் உழவன் செயலி மூலம் பதிவு செய்து எடுப்பவர்களும் முதல் சாலிலேயே பின்னால் நடந்து, மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துக் கியரைச் சொல்லிவிட வேண்டும்.

இன்ஜின் திணறிக் கரும்புகை கக்குவது பெரும்பாலும் திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்துக் களிமண்ணில் நடப்பது. கோடையில் பாறையாக இறுகிய அந்த மண்ணில் ரோட்டவேட்டரை நேரடியாக இறக்குவது தவறு. முதலில் கொக்கிக் கலப்பையால் ஒரு சால் கீறிவிட்டு, அதன் பிறகே ரோட்டவேட்டரை ஓட்ட வேண்டும். மழை பெய்த பிறகு நான்கு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துப் பிசைந்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். உதிர்ந்தால் ஓட்டலாம், அப்படியே அப்பினால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். ஈரக் களியில் ஓட்டினால் கத்திகளுக்கிடையே மண் அடைத்து ரோட்டர் உருளைபோல ஆகிவிடும். கருவியும் டிராக்டருக்குப் பொருந்த வேண்டும். 35 குதிரைத்திறன் டிராக்டரில் ஏழடி ரோட்டவேட்டரை மாட்டிவிட்டு இன்ஜினைக் குறை சொல்ல முடியாது.

சீமைக்கருவேலம் வெட்டிய நிலத்தில் அடிக்கட்டையும் வேரும் கிடக்கும்வரை ரோட்டவேட்டரை இறக்கவே கூடாது. பனைவேர் மண்டிய கொல்லையிலும், கடலை ஒட்டிய பவளக்கல் கலந்த தரையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆண்டுதோறும் இதே கருவியை மட்டும் ஓட்டும் நிலத்தில், கத்தி எட்டும் நான்கைந்து அங்குலத்துக்குக் கீழே மண் தகடாக இறுகிவிடும். மழைநீர் இறங்காமல் மேலே நின்று மிளகாய்ச் செடி வாடுவதைப் பார்த்து நோய் என்று மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் எந்த ஆழத்தில் தடுக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, மூன்றாண்டுக்கு ஒரு முறை ஓட்டுவதே தீர்வு. கடலோர மணலுக்கு நேர்மாறான கவனம் வேண்டும்: அதை இரண்டு மூன்று சால் ஓட்டி மாவாக்கினால் கச்சான் காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும், ஒரு சாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஓய்வில் வைக்கும் முறை

உழவு முடிந்த அன்றே கழுவ வேண்டும். ஆனால் எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. அதில் கழுவி நிழலில் விட்டால் தண்ணீர் உலர்ந்து உப்பு மட்டும் மூட்டுகளில் தங்கி, இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். அப்படிப்பட்ட தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் மண்ணைக் குச்சியாலும் கம்பித் தூரிகையாலும் உலர்வாகச் சுரண்டி எடுப்பதே மேல். கண்மாய்த் தண்ணீர் நல்லது. குடிநீர் ஊருணிக்குள் மட்டும் கருவியை இறக்கவோ அதன் கரையில் வைத்துக் கழுவவோ கூடாது. எண்ணெய் கலந்தால் ஊரே குடிக்க முடியாது. பீய்ச்சும் தண்ணீரைச் சீல், காற்றுத் துளை, பேரிங் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்கக் கூடாது.

வெயிலில் முழுவதும் உலர்ந்த பிறகு கத்திகளிலும் போல்ட் தலைகளிலும் கிரீஸைத் துணியால் மெல்லிய படலமாகத் தேய்த்து, பெயின்ட் உரிந்த இடங்களைத் துரு சுரண்டிப் பிரைமர் பூச வேண்டும். எண்ணெயை மழைக்கு முன் மாற்றுவதைவிட ஓய்வுக்கு முன் மாற்றுவது நல்லது. பழைய எண்ணெயில் இருக்கும் ஈரம் மாதக்கணக்கில் கியரோடு கிடந்து அரிப்பதைத் தடுக்கலாம். ஷாஃப்ட்டைக் கழற்றி, குழாய்களைப் பிரித்துத் துடைத்துக் கிரீஸ் தடவி வீட்டுக்குள் தொங்கவிட வேண்டும். ஸ்லிப் கிளட்ச்சின் ஸ்பிரிங் நீளத்தை அளந்துகொண்டு நட்டுகளை இப்போதே தளர்த்தி வைத்தால் தட்டுகள் ஒட்டுவது குறையும். தளர்த்தியிருக்கிறது என்றும் மறுபடி இறுக்க வேண்டிய பழைய நீளம் எவ்வளவு என்றும் ஓர் அட்டையில் எழுதி அதிலேயே கட்டிவிட வேண்டும். கருவியை மண் தரையில் வைக்காமல் பனஞ்சட்டத்தின் மேலோ பலகையின் மேலோ ஏற்றி, கடல் பார்த்த பக்கம் தட்டியோ தகரமோ அடைத்து, மாதம் ஒரு முறை ரோட்டரைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிப் போர்த்துவது வேண்டாம், உள்ளே வியர்த்துத் துரு கூடும். காற்று புகும் சணல் சாக்கு போதும்.